நடுவானில் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தால் விமானத்தை இறக்குவார்களா?

கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது. அப்பாவுக்கு 71 வயது. இரண்டு வருடத்துக்கு முன்பு இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், சர்க்கரையும் உண்டு, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அடுத்த மாதம் அவரைச் சென்னையிலிருந்து சிங்கப்பூரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். வங்கக் கடலுக்கு மேலே போகும்போது ஏதாவது ஆகிவிட்டால் விமானத்தை உடனே இறக்குவார்களா, இல்லை சிங்கப்பூர் வரை அப்படியே கொண்டுபோவார்களா? கேள்வி இறக்குவதைப் பற்றியதுதான். ஆனால் படித்தபோது என் காதில் விழுந்தது வேறு: அந்த நாலு மணி நேரமும் அப்பாவை வைத்துக்கொண்டு நான் தனியாகத் தவிக்க வேண்டியிருக்குமா? இரண்டுக்கும் சொல்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. 22 வருடம் விமானத்தில் கேபின் க்ரூவாக இருந்தேன், அதில் கடைசி 9 வருடம் பர்சர், அதாவது க்ரூவுக்குத் தலைமை. அதன்பிறகு புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு முதலுதவி வகுப்பு எடுத்தேன். இப்போது நங்கநல்லூரில் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது தலைக்கு மேலே போகிற விமானத்தை அண்ணாந்து பார்ப்பதோடு சரி. ஆகவே உங்கள் அப்பா பறக்கலாமா கூடாதா என்பதை நான் சொல்ல முடியாது, அவருடைய இதய டாக்டர்தான் சொல்ல வேண்டும். விமானத்துக்குள் என்ன நடக்கும் என்பதை மட்டும் தைரியமாகச் சொல்வேன்.

டாக்டரிடம் கேட்கும்போது ஒன்றைச் சேர்த்துக் கேளுங்கள். விமானம் 35,000 அடிக்கு மேல் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள். ஆனால் தரையில் இருக்கிற அளவுக்கு இல்லை. அதிகபட்சம் 8,000 அடி உயர மலையில் இருக்கும் அழுத்தம் வரை இறங்கலாம். ஊட்டி ஏறத்தாழ 7,350 அடி. அதாவது உங்கள் அப்பாவை நாலு மணி நேரம் ஊட்டியிலோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ உட்கார வைக்கிறீர்கள். நல்ல ஆரோக்கியமானவருக்கே ரத்தத்தில் ஆக்ஸிஜன் சதவீதம் 90-களின் தொடக்கத்துக்கு இறங்கும், அவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. நுரையீரலோ இதயமோ ஏற்கெனவே திணறிக்கொண்டிருப்பவருக்குத்தான் அந்த இறக்கம் உறைக்கும். அதனால் டாக்டரிடம் ‘ஃப்ளைட்ல போகலாமா’ என்று பொதுவாகக் கேட்காமல், ‘நாலு மணி நேரம் ஊட்டியில் உட்காரலாமா, பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமான நிலையத்தில் அரை கிலோமீட்டர் நடக்கலாமா’ என்று கேட்டுப் பாருங்கள். வருகிற பதில் இன்னும் தெளிவாக இருக்கும். என் அனுபவத்தில் பலர் சரிந்தது வானத்தில் இல்லை, வாசலுக்கு ஓடிவந்து மூச்சு வாங்கிய ஐந்தாவது நிமிடத்தில்.

சரி, இறக்குவது. முடிவு கேப்டனுடையது. பயணியுடையதோ, எங்களுடையதோ, உள்ளே இருக்கும் டாக்டருடையதோகூட இல்லை. பல நிறுவனங்கள் தரையில் இருக்கும் மருத்துவ மையம் ஒன்றோடு ஒப்பந்தம் வைத்திருக்கும். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் இருக்கும் மெட்லிங்க் அப்படிப்பட்ட ஒன்று. விமானத்திலிருந்து செயற்கைக்கோள் ஃபோனிலோ ரேடியோவிலோ அவர்களைப் பிடித்து, நோயாளியின் வயது, நாடித்துடிப்பு, வலி எங்கே, எவ்வளவு நேரமாக என்று நாங்கள் சொல்லச் சொல்ல, அங்கே அவசர சிகிச்சை டாக்டர் ஒருவர் கேட்டு யோசனை சொல்வார். கேப்டன் அதை வைத்துக்கொண்டு பக்கத்தில் எந்த ஓடுதளம் திறந்திருக்கிறது, அங்கே மழையா, இறங்கினால் அந்த ஊரில் இதயத்துக்கு வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று கணக்குப் போடுவார். கடைசிக் கேள்விதான் முக்கியம். ஆஞ்சியோ செய்ய வசதியில்லாத ஊரில் அரை மணி முன்னால் இறங்குவதைவிட, வசதியுள்ள ஊருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பறப்பது நோயாளிக்கே நல்லதாக இருக்கலாம். குடும்பத்துக்கு அந்த நேரத்தில் இது கல்நெஞ்சாகத் தெரியும்.

‘உடனே’ என்ற சொல்லையும் கொஞ்சம் பார்ப்போம். பறக்கும் உயரத்திலிருந்து கீழே வரவே 20 நிமிடத்துக்கு மேல் ஆகும், அதுவும் நேர் கீழே ஓடுதளம் இருந்தால். சென்னையிலிருந்து டெல்லி போகிற வழியில் ஹைதராபாத், நாக்பூர், போபால் என்று நடுவில் ஊர்கள் உண்டு. சிங்கப்பூர் வழியில் சென்னையை விட்டால் அந்தமானின் போர்ட் பிளேர் (2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம்) வரும்வரை தண்ணீர்தான். நடுக்கடலில் இருந்தால் திரும்பினாலும் முன்னே போனாலும் முக்கால் மணி நேரமோ அதற்கு மேலோ. அதைத் தாண்டினால் புக்கெட், பினாங்கு, கோலாலம்பூர் என்று வரிசையாகக் கிடைக்கும். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் என்றால் எரிபொருள் கனமும் சேரும். ஏ320 போன்ற சின்ன விமானங்களில் எரிபொருளை வானிலேயே கொட்டிவிட வசதி கிடையாது. உயிர் போகிற அவசரம் என்றால் அந்தக் கனத்தோடே இறக்கலாம், அப்புறம் விமானத்தைப் பரிசோதித்துவிட்டுத்தான் மறுபடி பறக்க விடுவார்கள். ஆகவே உங்கள் கேள்விக்கு நேர் பதில்: தேவை என்று பட்டால் இறக்குவார்கள், செலவைப் பார்த்துத் தயங்கிய கேப்டனை நான் பார்த்ததில்லை, ஆனால் இறங்கும்வரையான அந்த நேரத்தை விமானத்துக்குள் இருப்பவர்கள்தான் ஓட்ட வேண்டும்.

அடிக்கடி நடக்கிற விஷயமா இது? 2013-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 2008 முதல் 2010 வரை ஐந்து விமான நிறுவனங்களிலிருந்து தரை மருத்துவ மையத்துக்கு வந்த 11,920 அழைப்புகளை அலசியது. 604 விமானத்துக்கு ஒரு அழைப்பு. அதில் 37 சதவீதம் மயக்கமும் தலைசுற்றலும்தான். மூச்சுத் தொந்தரவு 12 சதவீதம். விமானத்தைத் திருப்ப வேண்டிவந்தது 7 சதவீதத்தில். பாதிக்குப் பாதி தடவை பயணிகளிலேயே ஒரு டாக்டர் இருந்து உதவியிருக்கிறார். இந்தக் கணக்கை அப்படியே வேதவாக்காக எடுக்க வேண்டாம். தரைக்கு அழைப்பு போனவை மட்டும்தான் இதில் உண்டு. காலை உயர்த்தி வைத்து, ஜூஸ் கொடுத்து, பத்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்தவர்கள் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார்கள். நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் அந்த ரகம்தான்.

ஒரு சம்பவம் சொல்கிறேன், சர்க்கரை என்று எழுதியிருப்பதால். சென்னையிலிருந்து விடியற்காலையில் கிளம்பிய வளைகுடா விமானம். நடு வரிசையில் ஒரு பெரியவர், சட்டை நனைந்து மார்போடு ஒட்டியிருந்தது. நெற்றியைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. பேச்சு குழறியது. பக்கத்து இருக்கைக்காரர் ‘ஹார்ட் அட்டாக், ஹார்ட் அட்டாக்’ என்று கத்தி ஐந்து வரிசையை எழுப்பிவிட்டார். நான் அவர் மனைவி பக்கம் குனிந்து, “அம்மா, ஐயாவுக்கு சுகர் இருக்கா?” என்றேன். “இருக்கும்மா.” “ஊசி போட்டாரா?” “ரெண்டு மணிக்கே போட்டுட்டாரு, ஃப்ளைட்ல டிபன் குடுப்பாங்கன்னு.” விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பியிருந்தது. டிபன் இன்னும் சூடாகிக்கொண்டிருந்தது. “சுகர் பாக்குற மெஷின்?” “பெரிய பொட்டில வெச்சிட்டேன்மா.” பெரிய பெட்டி எங்கள் காலுக்கடியில், சரக்கு அறையில், யாரும் போக முடியாத இடத்தில்.

டாக்டர் யாராவது இருக்கிறீர்களா என்று அறிவிப்பு செய்தோம். மூன்று பேர் வந்தார்கள்: ஒரு கண் டாக்டர், ஒரு பல் டாக்டர், மஸ்கட்டில் வேலை பார்க்கும் கேரளத்து நர்ஸ். அந்த நர்ஸ்தான் வேறொரு பயணியிடம் மெஷின் வாங்கி விரலில் குத்திப் பார்த்தார். 46. சர்க்கரை அபாயமாக இறங்கியிருந்தது. பெரியவர் குழறினாலும் விழுங்குகிறார் என்பதை முதலில் ஒரு வாய் தண்ணீர் கொடுத்து உறுதிசெய்துகொண்டு, ஆரஞ்சு ஜூஸில் நாலு பொட்டலம் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தார். நினைவே இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். முதலில் ஒரு வாய் தண்ணீர் கொடுத்துப் பார்த்ததற்குக் காரணம் அதுதான். கால் மணி நேரத்தில் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இட்லியா பொங்கலா?” என்று கேட்டார். இதயம் என்று கத்தியவர் அதன்பிறகு வாயே திறக்கவில்லை.

இதிலிருந்து உங்களுக்கு ஆக வேண்டியது: சாப்பாட்டு வேளை இன்சுலின் ஊசி சாப்பாட்டைப் பார்த்துப் போடுவது, விமான நேரத்தைப் பார்த்து இல்லை. தட்டு கைக்கு வந்தபிறகு போட்டால் போதுமா என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து வெளிநாடு போகும் விமானங்கள் பல நள்ளிரவையும் விடியலையும் ஒட்டித்தான் கிளம்பும். முந்தின நாள் பூரா மூட்டை கட்டல், வழியனுப்ப இரண்டு கார் சொந்தக்காரர்கள், தூக்கமில்லை, வேளை தவறிய சாப்பாடு. போதாக்குறைக்கு, கழிவறைக்கு எழுந்து போகக் கூச்சப்பட்டுத் தண்ணீரையே குடிக்காத பெரியவர்கள், இதய டாக்டர் கொடுத்த நீர் மாத்திரையை ‘இன்னைக்கு ஒரு நாள்தானே’ என்று விட்டுவிடுபவர்கள். கழிவறைக்குப் பக்கத்து ஓர இருக்கையாகப் பார்த்து முன்கூட்டியே போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

இப்போது நெஞ்சு வலிக்கு வருவோம். பட்டனை அழுத்தினால் என்ன நடக்கும்? ஒருவர் உங்களிடம் வருவார், இன்னொருவர் கேப்டனுக்குச் சொல்வார், மூன்றாமவர் ஆக்ஸிஜன் சிலிண்டரும் பெட்டியும் எடுப்பார். இது எங்களுக்கு மனப்பாடம், வருடா வருடம் பயிற்சி உண்டு. மேலேயிருந்து தொங்கும் முகமூடிகள் இதற்கு இல்லை. அவை அழுத்தம் போனால் எல்லாருக்குமாக விழுபவை, கால் மணி நேரம் போல்தான் வரும். நோயாளிக்குத் தனிச் சிலிண்டர். பெட்டியில் ஒன்று சாதாரண முதலுதவி, இன்னொன்று சீல் வைத்த டாக்டர் பெட்டி. ஸ்டெதஸ்கோப், பிபி பார்க்கும் பட்டை, ஊசி மருந்துகள் அதில்தான். அதைப் பொதுவாக டாக்டர் வந்தால்தான் உடைப்போம், அல்லது தரையிலிருந்து சொன்னால். பாவம், ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிய டாக்டர்கள் முதல் நொடியிலேயே முகம் சுளிப்பார்கள். எஞ்சின் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு, பட்டையின் காற்றை இறக்கி, துடிப்பு திரும்புகிற இடத்தை வைத்துத்தான் பிபி பார்ப்பார்கள்.

டாக்டர் இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், நானே பயந்திருக்கிறேன். இருந்தாலும் இதயம் நின்றுபோன ஒருவருக்கு முதல் சில நிமிடங்களில் வேண்டியவை இரண்டே: மார்பை அழுத்துவது, ஏஇடி. இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் அந்தப் பெட்டி தானே இதயத்தைப் படித்து, அதிர்ச்சி தேவையா இல்லையா என்று வாய் திறந்து சொல்லும். இரண்டுக்கும் க்ரூவே பயிற்சி பெற்றவர்கள். அமெரிக்கப் பயணிகள் விமானங்களில் 2004 முதல் ஏஇடி கட்டாயம். நீங்கள் போகும் விமானத்திலும் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாமல் டிக்கெட் எடுக்கும்போதே நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். இருக்கையில் சாய்ந்த நிலையில் மார்பை அழுத்தினால் பலன் இல்லை. ஆளை நாங்கள் இழுத்துத் தரையில் போடுவோம், அது முரட்டுத்தனமாக இருக்கும். அந்த நேரத்தில் குடும்பத்தார் செய்யக்கூடிய பெரிய உதவி, வழியை விட்டுவிட்டு, கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில் சொல்வது.

டாக்டர்கள் கைதூக்கத் தயங்குவதும் உண்டு, வழக்கு வருமோ என்று. நம் நாட்டில் 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, உதவ வருபவரைக் காப்பாற்றுகிறது என்றாலும் அது சாலை விபத்துக்கு. அமெரிக்காவில் 1998-லேயே விமானத்துக்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். ஆனாலும் நம்மவர்கள் எழுந்து வரத்தான் செய்கிறார்கள். 2022 ஜூலையில் டெல்லியிலிருந்து ஹைதராபாத் போன விமானத்தில் அப்போதைய தெலங்கானா ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜனே எழுந்து போய் ஒரு பயணியைக் கவனித்தார். அவர் ஆளுநராவதற்கு முன் மகப்பேறு டாக்டர்.

வாட்ஸ்ஆப்பில் சுற்றும் இரண்டு விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும். ‘மாரடைப்பு வந்தால் வேகமாக இருமுங்கள், உயிர் பிழைக்கலாம்’ என்பதை நம்பி உட்கார்ந்து இருமாதீர்கள். அந்த நேரத்தில் பட்டனை அழுத்தலாம். ‘பயணத்துக்கு முன் எல்லாரும் ஆஸ்பிரின் போடுங்கள், காலில் ரத்தம் கட்டாது’ என்பது பாதி உண்மையில் முளைத்தது. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து போனால் காலில் ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று 2007-ல் உலக சுகாதார நிறுவனமே சொன்னது. ஆனால் அடிப்படை வாய்ப்பே மிகச் சிறியது, அதற்கு மருந்து எல்லாருக்கும் ஆஸ்பிரின் இல்லை. உங்கள் அப்பா ஸ்டென்டுக்காக ஏற்கெனவே ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பார். சொந்தமாக ஒன்றைக் கூட்ட வேண்டாம். நாக்கின் கீழ் வைக்கும் சார்பிட்ரேட் என்ற நெஞ்சு வலி மாத்திரை அவருக்கு எழுதிக் கொடுத்திருந்தால் அது சட்டைப் பையில் இருக்கட்டும், உட்கார்ந்தபடிதான் வைக்க வேண்டும். பிபி இறங்கித் தலை சுற்றும்.

இன்னொரு பயம் நிறைய பேருக்கு உண்டு: வீல்சேர் கேட்டாலோ ஸ்டென்ட் இருக்கிறது என்று சொன்னாலோ விமானத்தில் ஏற்ற மாட்டார்களோ என்று. அண்மையில் ஆபரேஷன் ஆனவர், உடல் நிலை நிலையாக இல்லாதவர் என்றால் டாக்டர் சான்றிதழ் கேட்பார்கள், அதுவும் உங்கள் நன்மைக்கு. இரண்டு வருடத்துக்கு முந்தைய ஸ்டென்டோடு திடமாக நடமாடுகிறவரை நாங்கள் இறக்கிவிட்டதில்லை. ஏறும்போதே வாசலில் நிற்கும் க்ரூவிடம் ‘அப்பாவுக்கு இதயமும் சுகரும் உண்டு, 12சி-யில் இருக்கிறோம்’ என்று ஒரு வரி சொன்னால் போதும். அந்த வரிசையைக் கடக்கும்போதெல்லாம் ஒரு பார்வை விழும்.

ஏன் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஓர் இரவு, இதே வங்கக் கடலுக்கு மேல், ஐம்பதைத் தாண்டிய ஒருவர் பின்பக்கக் கழிவறைக்குப் போனார். இருபது நிமிடமாகியும் வரவில்லை. கதவைத் தட்டி, பதில் இல்லாமல், வெளியிலிருந்து திறந்தோம். உணவு வண்டிகள் நிற்கும் இடத்தில் கிடத்தி, மூன்று பேர் இரண்டிரண்டு நிமிடமாக மாறி மாறி அழுத்தினோம். ஏஇடி அதிர்ச்சி வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அப்படிச் சொன்னால் கையால் அழுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. கேப்டன் சென்னைக்குத் திருப்பினார். இறங்கும்வரை கையை எடுக்கவில்லை. பலனில்லை. முன்னாலேயே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்றால், அதை என்னால் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. ஆனால் அவர் எழுந்து போகும்போது மனைவியிடம் ‘என்னமோ மாதிரி இருக்கு’ என்று சொல்லியிருக்கிறார். வயிறு சரியில்லை என்று அந்த அம்மா நினைத்துவிட்டார். தூங்குகிற பயணிகளை எழுப்பிப் பட்டனை அழுத்தக் கூச்சம் வேறு. இதை அவர் என்னிடம் மீனம்பாக்கத்தில், ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

நெஞ்சு பிசைகிறவருக்கு முதலில் தோன்றுவது வாயுவோ, வாந்தியோ, கழிவறைக்குப் போக வேண்டும் என்பதோதான். அதனால் கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே அப்பாவிடம் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்: எது மாதிரி இருந்தாலும் எழுந்திருக்கக் கூடாது, உங்களைத் தட்ட வேண்டும், பட்டனை நீங்கள் அழுத்துவீர்கள். எல்லா மாத்திரையும், இன்சுலினும், சுகர் மெஷினும் கைப்பையில். அந்தக் கைப்பை மேலே தட்டில் இல்லாமல் முன் இருக்கைக்கு அடியில். கடைசி ஈசிஜியின் நகலும், மாத்திரைகளின் மருந்துப் பெயர் எழுதிய ஒரு சீட்டும் அதில் இருக்கட்டும். கம்பெனிப் பெயர் வெளிநாட்டு டாக்டருக்குப் புரியாது. பயணக் காப்பீடு எடுத்தால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் செல்லுமா என்ற வரியைத் தேடிப் படியுங்கள். விமானத்தைத் திருப்பிய செலவை எந்தக் குடும்பத்திடமும் கேட்டு நான் பார்த்ததில்லை, இறங்கிய ஊரின் ஆஸ்பத்திரி பில் மட்டும் உங்களுடையது.